படுக்கையும் நடையும்: தங்கவயல் முதியோரின் புற்றுநோய்ச் சிகிச்சைக் காலத்தில் உடற்பயிற்சியும் தளர்வுப் பயிற்சியும்

புற்றுநோய்ச் சிகிச்சை பெறும் முதியவருக்கு வீட்டார் தரும் முதல் அறிவுரை 'ரெஸ்ட் எடுங்கள்' என்பதாகவே பெரும்பாலும் இருக்கிறது. அன்பினால் சொல்லப்படும் அந்த அறிவுரை நாள்கணக்கில் நீளும்போது, நோயும் மருந்தும் செய்யும் சேதத்தோடு படுக்கை செய்யும் சேதமும் சேர்ந்துகொள்கிறது என்பதும், அளவறிந்து செய்யப்படும் அசைவும் முறையாகக் கற்ற தளர்வும் சிகிச்சைக்கு வெளியே நிற்கும் உபசாரங்களாக இல்லாமல் சிகிச்சையின் உறுப்புகளாகவே கருதப்பட வேண்டும் என்பதும் இச்சொற்பொழிவின் மையக் கருத்தாகும். இக்கருத்தைத் தங்கச் சுரங்க ஊரான கோலார் தங்கவயலை முன்வைத்து ஆராய்வதற்குக் காரணம் உண்டு. வாழ்நாள் முழுவதும் உடலுழைப்பால் பிழைத்த ஒரு தலைமுறை இன்று முதுமையில் நிற்கிறது; அத்தலைமுறையின் நுரையீரலும் மூட்டுகளும் தொழிலின் தடங்களைச் சுமக்கின்றன; சிகிச்சையின் பெரும்பகுதியோ ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவில் கிடைக்கிறது. பொதுவான மருத்துவ வழிகாட்டுதல்களை இத்தகைய ஊருக்குப் பொருத்திப் பார்க்கும்போதுதான் அவற்றின் வலிமையும் போதாமையும் விளங்கும்.

ஊரும் உடலும்

1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் சுரங்கப் பணியை ஏற்றது முதல் வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இங்கு வந்து குடியேறின. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தை எட்டியது. அந்த ஆழத்தில் பாறையே கொதிக்கும் வெப்பத்தில் துளையிடுவதும் வெடிவைப்பதும் கல்லை அள்ளுவதும் ஆண்களின் அன்றாடத் தொழிலாக இருந்தன. 1972 முதல் பாரத் கோல்டு மைன்ஸ் லிமிடெட் என்னும் அரசு நிறுவனத்தின்கீழ் நடந்த சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28ஆம் நாள் மூடப்பட்டபோது நாற்பது வயதில் இருந்த தொழிலாளி இன்று அறுபதின் நடுப்பகுதியைக் கடந்துகொண்டிருக்கிறார். அன்று ஐம்பதைத் தாண்டியிருந்தவர் எண்பதை நெருங்குகிறார். புற்றுநோய் மிகுதியாகக் கண்டறியப்படும் வயதும் இதுவே ஆதலால், 'மைன்ஸில் வேலை பார்த்தவர்' என்ற அடையாளமும் 'புற்றுநோயாளி' என்ற அடையாளமும் இவ்வூரில் ஒரே உடலில் சந்திப்பது வியப்பன்று.

அந்த உடலின் தனித்தன்மைகளில் முதலாவது நுரையீரல். பாறைத் துகளிலுள்ள சிலிக்கா என்னும் கனிமத்தை ஆண்டுக்கணக்கில் சுவாசிப்பதால் நுரையீரல் திசு தழும்பேறி இறுகிப்போவதைச் சிலிக்கோசிஸ் என்பர். இந்தியாவில் இந்நோய் முதன்முதலாக அறிவிக்கப்பட்டது 1947இல், கோலார் தங்கச் சுரங்கங்களிலிருந்தே என்று சமூக மருத்துவ நூல்கள் குறிப்பிடுகின்றன. பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1997இல் படிகச் சிலிக்காவை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகையில் சேர்த்தது. ஆகவே சுரங்கத் தூசி சிலருக்கு நோய்க்கான காரணங்களுள் ஒன்றாகவும், வேறு பலருக்கு எந்த உறுப்பில் புற்றுநோய் வந்தாலும் சிகிச்சையைத் தாங்கும் மூச்சுவளத்தைக் குறைத்துவிட்ட பின்னணியாகவும் அமைகிறது.

இரண்டாவது, வாய். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்போடு புகையிலையைச் சேர்த்து மென்று கன்னத்தில் அதக்கி வைக்கும் பழக்கம் கோலார் மாவட்டத்தில் ஆண்களிடமும் பெண்களிடமும் பரவலாக இருந்துவருவதால், கன்னத்தின் உட்புறத்திலும் ஈறுகளிலும் தோன்றும் வாய்ப்புற்றுநோய் இப்பகுதியில் கண்ணில் படும் அளவுக்கு மிகுதி. கோலாரை அடுத்த டமகாவில் உள்ள ஆர். எல். ஜாலப்பா மருத்துவமனையின் அறுவை மருத்துவர்கள் இந்நோயாளிகளைத் தொடர்ந்து கையாண்டுவருகின்றனர். மூன்றாவது, தொலைவு. சுரங்க நிறுவனத்தின் பெரிய மருத்துவமனை சுரங்கத்தோடு செயலிழந்த பிறகு, கதிர்வீச்சுக்கும் கீமோ எனப்படும் வேதிமருந்துச் சிகிச்சைக்கும் இவ்வூரார் பெங்களூரில் 1973இல் தொடங்கப்பட்ட கித்வாய் நினைவுப் புற்றுநோய் நிலையத்துக்கோ வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கோ செல்கின்றனர். தங்கவயலின் மாரிகுப்பத்தில் புறப்பட்டுச் சாம்பியன், உரிகம், கோரமண்டல் நிலையங்களைக் கடந்து பங்காரப்பேட்டை வழியாகப் பெங்களூர் சேரும் ரயிலில் இளைஞர்கள் வேலைக்குச் செல்லும் அதே நெரிசலில், 'கரண்ட் வைக்க', அதாவது கதிர்வீச்சுப் பெற, வாரத்தில் ஐந்து நாளும் ஆறேழு வாரம் செல்ல வேண்டிய முதியவரும் செல்கிறார், அல்லது நகரத்தில் தங்குமிடம் தேடுகிறார்.

படுக்கை செய்யும் சேதம்

ஓய்வு தீங்கற்றது என்ற நம்பிக்கையை 2007இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளிவந்த ஒரு சிறிய ஆய்வு கேள்விக்கு உள்ளாக்கியது. சராசரியாக 67 வயதுடைய, எந்த நோயும் இல்லாத முதியோர் சிலர் பத்து நாள் படுக்கையிலேயே வைக்கப்பட்டனர். அந்தப் பத்து நாளில் அவர்களின் கால்களிலிருந்து மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ அளவுக்குத் தசைத்திசு குறைந்துபோயிற்று. நோயற்றவருக்கே இந்நிலை என்றால், பசியின்மையால் உணவு குறைந்து, புற்றுநோய் தூண்டும் அழற்சியால் தசைப் புரதம் கரைந்துகொண்டிருக்கும் நோயாளிக்குப் படுக்கை எதைச் செய்யும் என்பதை ஊகிப்பது கடினமன்று. முதுமையில் தசையின் அளவும் வலிமையும் ஒருங்கே குறைவதைச் சார்கோபீனியா என மருத்துவம் அழைக்கிறது. தசை குறைந்த உடலில் கீமோ மருந்தின் நச்சுவிளைவுகள் கூடுவதும், விளைவுகள் கூடுவதால் மருந்தின் அளவு குறைக்கப்படுவதும் தள்ளிப்போடப்படுவதும் பல ஆய்வுகளில் காணப்பட்டுள்ளன. இவ்வாறு காலின் பலம் என்பது நடப்பதற்கான தேவையாக மட்டும் நில்லாமல், சிகிச்சையை உரிய அளவில் உரிய நாளில் பெறுவதற்கான தேவையாகவும் ஆகிறது.

இதனோடு அசதியின் இயல்பையும் புரிந்துகொள்ள வேண்டும். உழைத்த உடலின் களைப்பு உறங்கினால் தீரும். புற்றுநோயும் அதன் சிகிச்சையும் தரும் அசதி எத்தனை மணி நேரம் படுத்தாலும் தீர்வதில்லை, படுக்கப் படுக்கத் தசையும் இதயமும் தளர்ந்து சிறு வேலைக்கும் மூச்சு வாங்குவதால் இன்னும் பெருகவும் செய்கிறது. வாழ்நாளெல்லாம் முதல்வகைக் களைப்பை மட்டுமே அறிந்த சுரங்கத் தொழிலாளியும், தண்ணீர் சுமந்தும் விறகு சுமந்தும் குடும்பம் நடத்திய அவர் மனைவியும், இரண்டாம் வகைக்கும் பழைய மருந்தையே தேடிப் படுக்கையை நாடுவது இயல்பு. அவர்களுக்கு முதலில் விளக்கப்பட வேண்டியது இந்த வேறுபாடே.

சான்றுகள் சொல்வது

2017இல் கேரன் மஸ்டியனும் சக ஆய்வாளர்களும் 113 ஆய்வுகளை, அவற்றில் பங்கேற்ற 11,525 நோயாளிகளின் தரவுகளோடு ஒருங்கே பகுத்தாராய்ந்து, புற்றுநோய் அசதியைக் குறைப்பதில் உடற்பயிற்சியும் உளவியல் முறைகளும் அசதிக்கெனத் தரப்படும் மருந்துகளைக் காட்டிலும் தெளிவாக மேம்பட்டவை எனக் காட்டினர். 2018இல் அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி கூட்டிய பன்னாட்டு வல்லுநர் அவை, 2019இல் வெளியிட்ட அறிக்கையில் பயிற்சிக்கு ஒரு மருந்தளவையே வகுத்தது: மூச்சு சற்றே வாங்கும் அளவிலான நடை போன்ற பயிற்சி வாரம் மூன்று முறை, ஒவ்வொன்றும் 30 நிமிடம், தசைவலுப் பயிற்சி வாரம் இரண்டு முறை. இந்த அளவு அசதி, பதற்றம், மனச்சோர்வு ஆகியவற்றைக் குறைத்து உடல் செயல்திறனை உயர்த்தும் என்பது அவ்வறிக்கையின் முடிவு. 2022இல் அமெரிக்க மருத்துவப் புற்றுநோயியல் சங்கம், குணப்படுத்தும் நோக்கிலான சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போதே இவ்விரு வகைப் பயிற்சிகளையும் மருத்துவர்கள் பரிந்துரைக்க வேண்டும் என்று வழிகாட்டியது. 'எல்லாம் முடிந்த பிறகு நடக்கலாம்' என்ற பழைய மரபு இதனால் முடிவுக்கு வந்தது.

2025இல் வெளிவந்த 'சேலஞ்ச்' என்னும் பன்னாட்டு ஆய்வு பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவையும் கீமோவும் முடித்த 889 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு மூன்றாண்டு காலம் பயிற்றுநரின் துணையோடு உடற்பயிற்சித் திட்டத்தையும் மறு பிரிவினருக்கு அறிவுரைக் கையேட்டையும் தந்தது. ஐந்தாண்டு முடிவில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் பயிற்சிப் பிரிவில் 80.3 சதவீதமாகவும் கையேட்டுப் பிரிவில் 73.9 சதவீதமாகவும் இருந்தனர். இம்முடிவு ஒருவகைப் புற்றுநோய்க்கும் சிகிச்சை முடித்தவர்களுக்கும் உரியது ஆதலால் அதை எல்லா நோயாளிகளுக்கும் நீட்டிப் பேசுவது முறையாகாது. ஆனால் அதில் அடங்கிய இன்னொரு செய்தி தங்கவயலுக்கு நேரடியாகப் பொருந்தும்: இரு பிரிவினருக்கும் உடற்பயிற்சி நல்லது என்று சொல்லப்பட்டது, கூடவே வந்து கணக்குக் கேட்கும் ஓர் ஆள் இருந்த பிரிவுதான் பயன்பெற்றது.

முதியோருக்கென்றே நடந்த ஆய்வுகளும் உண்டு. சுப்ரியா மோஹிலே தலைமையில் எழுபது வயதும் அதற்கு மேலும் ஆன 718 நோயாளிகளிடம் நடந்து 2021இல் வெளிவந்த ஆய்வில், நடை, விழுதல், நினைவாற்றல், உணவு, பிற நோய்கள், வீட்டுத் துணை ஆகியவற்றை முன்கூட்டியே அளந்து மருத்துவருக்குத் தெரிவிக்கும் முதியோர் மதிப்பீடு செய்யப்பட்ட பிரிவில் கடுமையான நச்சுவிளைவுகள் 51 சதவீதமாகவும், செய்யப்படாத பிரிவில் 71 சதவீதமாகவும் இருந்தன; கீழே விழுந்தவர்களும் முதற்பிரிவில் குறைவு. ஆதார் அட்டையிலுள்ள வயதைக் காட்டிலும் நாற்காலியிலிருந்து எழும் விதம் சிகிச்சையின் போக்கைப் பற்றி மிகுதியாகச் சொல்லக்கூடும் என்பதே இதன் உட்கிடை.

அளவும் முறையும்

நாற்காலியிலிருந்து எழுதல் சோதனையாகவும் பயிற்சியாகவும் ஒருங்கே பயன்படுவதால் அதை விரிவாக நோக்குவது தகும். கைகளை மார்பின் குறுக்கே மடித்துக்கொண்டு, சாதாரண உயரமுள்ள நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து அமர 12 நொடியோ அதற்கு மேலோ ஆனால் தசைத்திறன் குறைந்திருக்கலாம் என 2019ஆம் ஆண்டின் ஆசியச் சார்கோபீனியா வல்லுநர் குழு வரையறுத்தது. வீடுகளில் உள்ள இலேசான பிளாஸ்டிக் நாற்காலி சிமென்டுத் தரையில் பின்னுக்கு வழுக்கும். ஆகவே அதன் முதுகைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, அருகில் ஒருவர் நிற்க, காலில் செருப்பில்லாமலோ வழுக்காத செருப்புடனோ செய்விக்க வேண்டும். கையூன்றாமல் எழ முடியாதவர் தொடக்கத்தில் தொடையில் கையூன்றி எழலாம், அல்லது இருக்கையில் தலையணை வைத்து உயரத்தைக் கூட்டிக்கொள்ளலாம். வாரந்தோறும் ஒன்றிரண்டாக எண்ணிக்கையைக் கூட்டிப் பத்துமுறை எளிதாக வந்தபின் தலையணையை எடுத்துவிடலாம். இவ்வாறு படிப்படியாகச் சுமையைக் கூட்டுவதே தசைவலுப் பயிற்சியின் அடிப்படை. சுவரில் இரு கைகளையும் ஊன்றி மார்பைச் சுவரருகே கொண்டுசென்று மீள்வது, சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகால்களை உயர்த்தி நிற்பது, அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கையில் பிடித்து முழங்கையை மடக்குவது ஆகிய மூன்றையும் சேர்த்தால், செலவே இல்லாமல் உடலின் பெரும் தசைத்தொகுதிகள் பலவும் பயிற்சி பெறும். ஒரு பாதத்தின் குதியை மறு பாதத்தின் விரல்களுக்கு முன்னால் வைத்துச் சுவரோரம் பத்து நொடி நிற்பது சமநிலைக்கு உதவும்.

நடைக்குத் தங்கவயலில் வரிசை வரிசையாக அமைந்த தொழிலாளர் குடியிருப்புகளான லைன் வீடுகள் ஒருவகையில் வசதியானவை. தரைத்தள வீடுகள் ஆதலால் மாடிப்படி இல்லை. வரிசைகளுக்கு இடைப்பட்ட தெரு நெடுக அக்கம்பக்கத்தார் கண்ணில் பட்டுக்கொண்டே நடக்கலாம். முப்பது நிமிடம் ஒரே மூச்சில் நடக்க வேண்டும் என்பதில்லை. பத்து நிமிடமாக மூன்று முறை, அதுவும் இயலாதவர் ஐந்து நிமிடமாக ஆறு முறை நடந்தாலும் போதும். வேகத்தை அளக்க ஸ்வீடன் நாட்டு உளவியலாளர் குன்னார் போர்க் உருவாக்கிய அளவுகோல் உதவும்: சும்மா இருப்பது சுழியம், இதற்கு மேல் இயலாது என்பது பத்து என்று வைத்துக்கொண்டால், நடை மூன்றிலோ நான்கிலோ நிற்க வேண்டும். நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது என்பது அதே அளவின் எளிய வடிவம். பெண்களைப் பொறுத்தவரை 'வீட்டு வேலையே போதும்' என்ற மறுப்பு எழுவதுண்டு. பாத்திரம் தேய்ப்பதும் கூட்டுவதும் உடலை வருத்துகின்றனவே தவிர, இதயமும் தொடைத்தசையும் வலுப்பெறும் அளவுக்குத் தொடர்ச்சியாகவோ ஏறுமுகமாகவோ அமைவதில்லை. ஆகவே சிகிச்சைக் காலத்தில் அவ்வேலைகளில் சிலவற்றைப் பிறர் ஏற்று, மிஞ்சும் தெம்பை நடைக்கு ஒதுக்குவதே முறை.

பயிற்சியைச் சிகிச்சைச் சுற்றோடு இணைத்து வகுக்க வேண்டும். மருந்து ஏற்றிய முதல் இரண்டு மூன்று நாளில் வீட்டுக்குள் ஐந்து நிமிட நடையும் படுக்கையிலேயே கணுக்காலை மேலும் கீழும் அசைப்பதும் போதுமானவை. ஏறத்தாழ ஒரு வாரம் கழிந்து வெள்ளணுக்கள் குறையும் நாள்களில் கூட்டத்தைத் தவிர்த்து வீட்டு வாசலிலேயே பயிற்சி செய்யலாம். அடுத்த சுற்றுக்கு முந்தைய வாரமே அளவைக் கூட்டுவதற்கு உகந்தது. உணவில் புரதம் குறைந்தால் பயிற்சியின் பயன் தசையில் தங்காது; ராகிக்களியும் சோறும் வயிற்றை நிரப்பினாலும், உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராமுக்கு மேலாகத் தேவைப்படும் புரதத்தைப் பருப்பு, முட்டை, பால், மீன் ஆகியவையே ஈடுசெய்யும். சிறுநீரக நோய் உள்ளவர்கள் இதன் அளவை மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும்.

வாயும் கழுத்தும் தோளும்

வாய்ப்புற்றுநோய்க்கு அறுவையும் கதிர்வீச்சும் பெற்றவர்களுக்குப் பொதுப் பயிற்சி மட்டும் போதாது. கதிர்வீச்சு பட்ட மெல்லும் தசைகள் நாளடைவில் இறுகித் தாடை திறவாமல் போவதை டிரிஸ்மஸ் என்பர். மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் இடையிலான திறப்பு 35 மில்லிமீட்டரோ அதற்குக் குறைவோ ஆகும்போது இக்குறை இருப்பதாகக் கொள்ளப்படுகிறது. வீட்டில் இதை அறிய, நடு மூன்று விரல்களையும் செங்குத்தாக வாய்க்குள் வைக்க முடிகிறதா என்று பார்ப்பதே போதும். பிசியோதெரபிஸ்டுகள் மரத்தாலான நாக்குப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பற்களுக்கிடையே செருகி, இழுப்பு உணரப்படும் நிலையில் சில நொடி நிறுத்தி, நாள்பட நாள்பட ஒவ்வொரு பட்டையாகக் கூட்டுகின்றனர். தாடை இறுகியபின் திறப்பது மிகக் கடினம் ஆதலால், கதிர்வீச்சு தொடங்கும் நாளிலிருந்தே இப்பயிற்சி தொடங்கப்பட வேண்டும். வாய்ப்புண் மிகுந்த வாரங்களில் வலிமருந்துக்குப் பின் மென்மையாகச் செய்யலாமே தவிர அடியோடு நிறுத்திவிடலாகாது. விழுங்கும் பயிற்சிக்கும் இதே விதி பொருந்தும்.

கழுத்து நிணநீர்க் கணுக்களை அகற்றும் அறுவையில் தோளை உயர்த்தும் துணை நரம்பு இழுபடுவதாலோ சேதமுறுவதாலோ தோள் சரிந்து கையைத் தலைக்கு மேல் தூக்க இயலாத நிலை ஏற்படுகிறது. கனடாவில் மார்கரெட் மெக்நீலி குழுவினர் 2008இல் வெளியிட்ட ஆய்வில், படிப்படியாகச் சுமை கூட்டும் தோள்பயிற்சி வழக்கமான பயிற்சியைவிட வலியையும் இயலாமையையும் மிகுதியாகக் குறைத்தது. மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை செய்துகொண்ட பெண்கள் கைவீக்கத்துக்கு அஞ்சி அந்தக் கையால் எதையும் தூக்காமல் வைத்திருப்பதும் பரவலான வழக்கம். கேத்ரின் ஷ்மிட்ஸ் தலைமையில் 2009இல் வெளிவந்த ஆய்வு அந்த அச்சத்தைப் பெரிதும் தளர்த்தியது: ஏற்கெனவே கைவீக்கம் கொண்ட 141 பெண்களில், கண்காணிப்போடு மெதுவாக எடைதூக்கும் பயிற்சி பெற்றவர்களுக்கு வீக்கம் திடீரென மோசமாவது பயிற்சி பெறாதவர்களைவிடக் குறைந்தே காணப்பட்டது.

மூச்சும் எச்சரிக்கையும்

சிலிக்கோசிஸ் உள்ளவருக்கு நடையின் வேகத்தைத் தீர்மானிப்பது கால்களைவிட மூச்சே. அவருக்கு விட்டுவிட்டு நடக்கும் முறை பொருந்தும்: இரண்டு நிமிட நடை, ஒரு நிமிட நிற்றல், மீண்டும் நடை. நிற்கும்போது மூக்கால் இழுத்த மூச்சை உதடுகளைக் குவித்து, இழுத்த நேரத்தின் இரு மடங்கு நேரம் மெதுவாக வெளியே விட வேண்டும். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் காட்டும் ஆக்சிஜன் அளவு நடையின்போது 88 சதவீதத்துக்குக் கீழ் இறங்கினால் நிறுத்தி மருத்துவரை அணுக வேண்டும். காற்று வலுத்து வீசும் மாதங்களில், சயனைடு மேடுகள் என ஊரார் அழைக்கும் கழிவுமண் குன்றுகளிலிருந்து நுண்தூசி பறக்கும் நாள்களில், வெளியே நடப்பதைத் தவிர்த்து வீட்டுக்குள் நாற்காலிப் பயிற்சியோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

அனைவருக்கும் பொதுவான எச்சரிக்கைகளும் உள. காய்ச்சல் 100.4 பாரன்ஹீட்டை எட்டினால் பயிற்சியை விட்டு உடனே மருத்துவமனையைத் தொடர்புகொள்ள வேண்டும். ஹீமோகுளோபின் 8 கிராமுக்குக் கீழோ தட்டணுக்கள் 50,000க்குக் கீழோ இருந்தால் எடைதூக்கும் பயிற்சியை மருத்துவரின் ஒப்புதலின்றிச் செய்யலாகாது. எலும்பில் நோய் பரவியவர் முதுகை முறுக்குவதையும் முன்னால் வளைவதையும் தவிர்க்க வேண்டும்; பரவிய இடத்தை அறிந்த மருத்துவரே அவருக்குரிய பயிற்சியை வகுக்க வேண்டும். சில கீமோ மருந்துகளால் பாதம் மரத்துப்போனவர் வெறுங்காலில் நடக்கலாகாது, கைப்பிடியின்றிச் சமநிலைப் பயிற்சியும் செய்யலாகாது. மார்புவலி, தலைசுற்றல், திடீர் மூச்சுத்திணறல், ஒரு காலில் மட்டும் வீக்கம் ஆகியவை தோன்றினால் பயிற்சியோடு நின்றுவிடாமல் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

தளர்வுப் பயிற்சி

அசைவு தசைக்கு எவ்வாறோ அவ்வாறே தளர்வு நரம்பு மண்டலத்துக்கு. சிக்காகோ மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் 1929இல் வெளியிட்ட நூலில் வகுத்த படிப்படித் தசைத்தளர்வு இன்றும் அடிப்படை முறையாக நிற்கிறது. ஒரு தசைத்தொகுதியை ஐந்து நொடி இறுக்கி, பின் விட்டு, அரை நிமிடம் அந்தத் தளர்ச்சியைக் கவனித்திருந்து, பாதத்தில் தொடங்கி முகம் வரை செல்வது அதன் முறை; இறுக்கத்தை அறிந்து விடும்போதுதான் தளர்வும் அறியப்படும் என்பது அதன் தத்துவம். முதியோருக்கு இதில் சில திருத்தங்கள் வேண்டும். மூச்சுக்குறை உள்ளவர் மல்லாந்து படுக்காமல் சாய்ந்து உட்கார்ந்து செய்ய வேண்டும். அறுவைக் காயமும் நோய் பரவிய எலும்பும் உள்ள பகுதியை இறுக்காமல் தளர்த்துவதை மட்டும் செய்ய வேண்டும். காது மந்தமானவருக்குப் பதிவுசெய்த குரலைவிட அருகில் அமர்ந்து வீட்டார் ஒருவர் நிதானமாகச் சொல்லும் குரல் பயன்படும்.

இதன் பயன் தெளிவாகக் காணப்படும் இடங்கள் இரண்டு. முதலாவது, மருந்து ஏற்றுவதற்கு முன்பே, மருத்துவமனையின் வாசனை பட்டதும் அல்லது ரயில் நகரத்தை நெருங்கியதும் வரும் குமட்டல். முந்தைய சுற்றுகளின் அனுபவத்தை உடல் கற்றுக்கொண்டதால் வரும் இக்குமட்டலை வாந்தி மருந்துகள் எளிதில் அடக்குவதில்லை. கேரி மாரோ 1982இல் வெளியிட்ட ஆய்வு, தளர்வு நிலையில் அக்காட்சிகளை மனத்தில் படிப்படியாகக் கொண்டுவரும் பயிற்சியால் இது குறைவதைக் காட்டியது. இரண்டாவது, தலைகழுத்துக் கதிர்வீச்சின்போது அணியும் முகமூடி. வெந்நீரில் இளக்கிய பிளாஸ்டிக் வலையை முகத்தின்மேல் அழுத்தி அச்செடுத்து, அதைக் கட்டிலோடு பூட்டியபின் பல நிமிடம் அசையாதிருக்க வேண்டும். மூச்சு முட்டுவதாக உணரும் நோயாளிக்கு, முன்கூட்டியே பழகிய நீண்ட வெளிமூச்சும் தோள்தளர்வும் அந்த நிமிடங்களைத் தாங்கும் வழியாகின்றன.

பெங்களூரை அடுத்த ஸ்வாமி விவேகானந்த யோக அனுசந்தான சம்ஸ்தானத்தின் ஆய்வாளர்கள், கீமோ பெறும் மார்பகப் புற்றுநோயாளிகளுக்கு மென்மையான ஆசனங்கள், மூச்சுப்பயிற்சி, தளர்வு ஆகியவை அடங்கிய திட்டத்தைக் கற்பித்துக் குமட்டலும் பதற்றமும் குறைந்ததை 2007இல் பதிவுசெய்தனர். 2023இல் அமெரிக்க மருத்துவப் புற்றுநோயியல் சங்கமும் ஒருங்கிணைந்த புற்றுநோயியல் சங்கமும் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதல், சிகிச்சைக் காலப் பதற்றத்துக்கு மனக்கவனப் பயிற்சியையும் யோகத்தையும் தளர்வு முறைகளையும் இசையையும் ஏற்கத்தக்கவையாகக் கூறியது. எனினும் யோகம் என்ற பெயரில் வரும் அனைத்தும் சுரங்கத் தொழிலாளியின் நுரையீரலுக்கு உகந்தவையல்ல. மூச்சை நெடுநேரம் அடக்குதலும் வேகமாக உதறிவிடும் கபாலபாதியும் அவருக்குக் கற்பிக்கப்படலாகாது.

எந்த வடிவத்தில் தளர்வைக் கற்பிப்பது என்பதில் நோயாளியின் மரபுக்கே முதலிடம் தர வேண்டும். தமிழ்ப் பௌத்த முன்னோடியான அயோத்திதாசப் பண்டிதரின் சாக்கிய பௌத்த சங்கம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மாரிகுப்பத்தில் கிளைவிட்ட ஊர் இது. பௌத்தக் குடும்பத்து மூத்தவருக்கு மூச்சைக் கவனிக்கும் தியானம் அயலானதன்று. தேவாலயத்தில் பாடிப் பழகியவருக்கு மெல்லிய குரலில் நீட்டிப் பாடும் பாட்டே வெளிமூச்சை நீட்டும் பயிற்சி; பஜனையிலும் தொழுகையிலும் பழகியவருக்கு அதுவே வாயில். முறை எதுவாயினும் நாளுக்கு இருமுறை, பத்துப் பதினைந்து நிமிடம், நிதானமான மூச்சோடு, ஒரே நேரத்தில் செய்யப்படுவதே பயனைத் தருகிறது.

ஏற்பாடு

இவற்றைச் செய்ய இயந்திரங்களோ தனிக் கட்டடமோ தேவையில்லை. தேவைப்படுவது மூன்று ஆள்களின் இணைப்பு. முதல் ஆள், பெங்களூரிலோ வேலூரிலோ டமகாவிலோ சிகிச்சை தரும் மருத்துவமனையின் பிசியோதெரபிஸ்டு. நோயாளி ஊர் திரும்பும் முன் நாற்காலிச் சோதனையையும் வாய்த்திறப்பையும் அளந்து, செய்ய வேண்டியதையும் செய்யக் கூடாததையும் எழுதித் தருவது அவர் பொறுப்பு. இரண்டாம் ஆள், ஊரில் இருந்து நோயாளியைத் தொடர்ந்து காணும் சுகாதாரப் பணியாளர். 2010-11இல் தொடங்கப்பட்ட தேசிய முதியோர் நலத் திட்டம் அரசு மருத்துவமனைகளில் முதியோர் பிரிவையும் பிசியோதெரபியையும் எதிர்நோக்குகிறது. ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை, சாம்பியன் ரீஃப் பகுதிகளின் ஆஷா பணியாளர்கள் வீடுவீடாகச் செல்கின்றனர். இவ்விரண்டையும் இணைத்து, வாரம் ஒருமுறை நோயாளியைக் கண்டு கணக்குக் கேட்கும் வழக்கத்தை உண்டாக்குவது புதிய செலவின்றி இயலும். 2021இல், கொரோனா இரண்டாம் அலையின்போது, மூடிக்கிடந்த சுரங்க மருத்துவமனையைத் தூய்மைப்படுத்தி நோயாளிகளுக்குத் திறந்துவிடத் தொண்டர்கள் திரண்ட ஊர் இது. தொண்டர்களுக்கு இங்குக் குறைவில்லை என்பதற்கு அதுவே சான்று. மூன்றாம் ஆள், வீட்டிலேயே இருக்கும் மகளோ மருமகளோ பேரனோ.

இம்மூவரையும் இணைக்கும் கருவி ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம். நாள்தோறும் நடந்த நிமிடம், நாற்காலியிலிருந்து எழுந்த எண்ணிக்கை, அசதிக்குச் சுழியம் முதல் பத்து வரையிலான மதிப்பு ஆகிய மூன்று எண்களை அதில் எழுதி, அடுத்த சுற்றுக்குச் செல்லும்போது ரத்தப் பரிசோதனை அறிக்கையோடு மருத்துவரிடம் காட்ட வேண்டும். மூன்று வாரமாக எழும் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தால், அது ரத்தச்சோகையின், உணவுக்குறைவின், மனச்சோர்வின் அல்லது மருந்தளவு மிகுந்ததன் அறிகுறியாக இருக்கலாம். நோயாளி வாய்விட்டுச் சொல்லாததை அந்த எண் சொல்லிவிடும். பயிற்சியை வீட்டாரின் விருப்பத்துக்கும் நோயாளியின் மனநிலைக்கும் விட்டுவிடும் வரையில் அது உபதேசமாகவே நிற்கும். மருந்துச் சீட்டில் மாத்திரைகளுக்குக் கீழே நடையின் நிமிடமும் எழுதலின் எண்ணிக்கையும் தளர்வின் வேளையும் மருத்துவரின் கையெழுத்தோடு இடம்பெறும்போது வீட்டாரும் அதை மாத்திரையைப் போலவே நேரம் தவறாமல் கொடுப்பர். தங்கவயலின் முதியோருக்காக மருத்துவமனைகளிடம் முதலில் கேட்டுப் பெற வேண்டியது அந்த ஒரு வரியே.